செல்லாத டிக்கெட் கம்பைலே ஆகக் கூடாது

ஹாஸ்கெல் புரோகிராமிங் மொழியில் மேபி, ஐதர், டைப் கிளாஸ், மோனாட் எல்லாம் கைக்குப் பழகிவிட்டது, தினசரி வேலையும் ஓடுகிறது, ஆனால் யாராவது ஜிஏடிடி, டேட்டாகைண்ட்ஸ், ரேங்க்-என் என்று அதன் மேம்பட்ட டைப் வசதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கம் போகவே தயக்கமாக இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைப் தியரி பாடம் எடுக்கப் போவதில்லை. சின்னதாக ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு எந்த உத்தி எங்கே உதவுகிறது, எங்கே கழுத்தறுக்கிறது என்று பார்க்கலாம்.

பஸ் டிக்கெட் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். பயணி இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் அது கொஞ்ச நேரம் ஹோல்டில் நிற்கும், பணம் கட்டினால் டிக்கெட் உறுதியாகும், வேண்டாம் என்றால் ரத்து. பணம் கட்டாத டிக்கெட்டை அச்சடிக்கக் கூடாது, கட்டாத பணத்தை ரீஃபண்ட் செய்யக் கூடாது, ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் வாங்கக் கூடாது. மூன்றே விதிகள்தான். இந்த மூன்றையும் கோடெங்கும் இஃப் போட்டுக் காப்பாற்றலாம், அல்லது கம்பைலரிடம் ஒப்படைக்கலாம்.

கீழே வரும் கோட் துண்டுகளைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதியிருக்கிறேன், படிக்க வசதிக்காக. அப்படியே எடுத்து ஒட்டினால் ஓடாது. கீவேர்டுகள் ஒரு பக்கம் இருக்கட்டும், ஹாஸ்கெலில் டைப் பெயரும் கன்ஸ்ட்ரக்டர் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், தமிழில் பெரிய எழுத்தே கிடையாது.

பூலியனைத் திருப்பித் தராதீர்கள்

போன் எண் சரியா என்று பார்க்க எல்லோரும் முதலில் எழுதுவது `சரியான_எண்ணா :: டெக்ஸ்ட் -> பூல்` மாதிரி ஒரு ஃபங்ஷன். அது சரி என்று சொல்லும், நீங்கள் இஃப் போட்டு உள்ளே போவீர்கள், உள்ளே உங்கள் கையில் இருப்பது மறுபடியும் அதே பழைய டெக்ஸ்ட். சோதித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அந்த இஃப் வரியோடு காணாமல் போய்விட்டது. நாலு ஃபங்ஷன் தாண்டி வேறொருவர் அந்த டெக்ஸ்ட்டை வாங்கும்போது இது சோதித்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, அதனால் அவரும் ஒரு தடவை சோதிப்பார், இல்லையென்றால் முன்னாடியே யாராவது பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

மாற்றாக இப்படி:

```
நியூடைப் போன்_எண் = உள்_எண் டெக்ஸ்ட்

எண்ணைப்_படி :: டெக்ஸ்ட் -> ஐதர் பிழை போன்_எண்
```

மாட்யூலிலிருந்து `போன்_எண்` டைப்பையும் `எண்ணைப்_படி` ஃபங்ஷனையும் மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள், `உள்_எண்` கன்ஸ்ட்ரக்டரை வெளியே விடாதீர்கள். இனி `போன்_எண்` ஒன்று யாரிடமாவது இருக்கிறது என்றால் அது சோதனையைத் தாண்டி வந்தது என்றே அர்த்தம். நியூடைப் என்பதால் ரன்டைமில் இதற்குத் தனிச் செலவும் இல்லை, உள்ளே வெறும் டெக்ஸ்ட்தான் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்ததுதானே என்பீர்கள். பின்கதவுகளைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தேன். கன்ஸ்ட்ரக்டரை மறைத்துவிட்டு, ஜேசன் படிக்கும் இன்ஸ்டன்ஸைத் தானியங்கியாக டிரைவ் செய்தீர்கள் என்றால் அந்த இன்ஸ்டன்ஸ் உங்கள் சோதனையைக் கூப்பிடாது, வெளியிலிருந்து வருகிற எந்தக் குப்பையும் நேராக `போன்_எண்` ஆகிவிடும். ரீட் இன்ஸ்டன்ஸும் இதே கதை. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: நியூடைப்பை ரெக்கார்டாக எழுதி, உள்ளே இருப்பதை எடுக்க அந்த ஃபீல்டு பெயரையும் ஏற்றுமதி செய்தால், ரெக்கார்ட் அப்டேட் எழுத்துமுறையும் சேர்ந்தே வெளியே போய்விடும், கன்ஸ்ட்ரக்டர் இல்லாமலே யார் வேண்டுமானாலும் உள்ளே இருக்கும் மதிப்பை மாற்றலாம். ஃபீல்டு பெயரை உள்ளேயே வைத்துக்கொண்டு, அதைக் கூப்பிடுகிற சாதாரண ஃபங்ஷன் ஒன்றை வெளியே கொடுங்கள்.

நிஜமான வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். இதைச் செய்யாமல் ஜிஏடிடிக்குத் தாவுகிறவர்கள்தான் பிறகு ஹாஸ்கெல் கஷ்டம் என்று புலம்புகிறார்கள்.

நிலையை டைப்பில் ஒட்டுவது

அடுத்தது ஃபேன்டம் டைப். டிக்கெட்டுக்கு ஒரு டைப் பேராமீட்டர் கொடுப்போம், ஆனால் உள்ளே இருக்கும் டேட்டாவில் அதை எங்கும் பயன்படுத்த மாட்டோம்.

```
டேட்டா நிலை = ஹோல்டு | கட்டியது | ரத்தானது

நியூடைப் டிக்கெட் (நி :: நிலை) = உள்_டிக்கெட் விவரம்

பணம்_கட்டு :: டிக்கெட் ஹோல்டு -> ரசீது_எண் -> டிக்கெட் கட்டியது
அச்சடி     :: டிக்கெட் கட்டியது -> பக்கம்
ரத்து_செய் :: டிக்கெட் கட்டியது -> டிக்கெட் ரத்தானது
```

`நிலை` என்பது சாதாரண டேட்டா டைப்தான். டேட்டாகைண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் அதை ஒரு படி மேலே ஏற்றிக் கைண்டாக, அதாவது டைப்புகளுக்கான டைப்பாக, ஆக்குகிறது, அதன் கன்ஸ்ட்ரக்டர்கள் டைப்புகளாகின்றன. ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.எச்.சி.யின் 7.4 பதிப்பில், 2012-ல் இது வந்தது. அதற்கு முன்னால் காலி டேட்டா டைப்புகளை அடையாளமாக வைத்துத்தான் இதைச் செய்தார்கள், அப்போது யாராவது `டிக்கெட் இன்ட்` என்று எழுதினாலும் கம்பைலர் சும்மா இருந்தது. இப்போது கைண்ட் பொருந்தவில்லை என்று உடனே நிறுத்திவிடும்.

ஹோல்டில் இருக்கும் டிக்கெட்டை `அச்சடி`க்குக் கொடுத்தால் இனி கம்பைல் ஆகாது. நல்லது. ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஹாஸ்கெலில் `கோயர்ஸ்` என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, ஜி.எச்.சி. 7.8-ல் வந்தது, ரன்டைமில் ஒரே வடிவம் கொண்ட இரண்டு டைப்புகளுக்கு இடையே செலவில்லாமல் மாற்றித் தரும். நம் பேராமீட்டர் உள்ளே எங்கும் பயன்படவில்லை என்பதால் கம்பைலர் அதன் ரோலை ஃபேன்டம் என்று தானாக முடிவு செய்துகொள்கிறது. ஃபேன்டம் ரோல் என்றால் அந்த இடத்தில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே, கன்ஸ்ட்ரக்டரைப் பார்க்கவே முடியாத வேறொரு மாட்யூலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் `கோயர்ஸ்` என்று ஒரே சொல் எழுதி `டிக்கெட் ஹோல்டு`வை `டிக்கெட் கட்டியது` ஆக்கிவிடலாம். கட்டணமில்லாப் பயணம்.

அடைக்க ஒரே வரி போதும்:

```
டைப் ரோல் டிக்கெட் நாமினல்
```

நாமினல் என்றால் பெயரும் பொருந்த வேண்டும், வடிவம் மட்டும் போதாது. கன்டெய்னர்ஸ் லைப்ரரியில் இருக்கும் செட்டும் இதே காரணத்துக்காகத்தான் தன் பேராமீட்டரை நாமினல் என்று அறிவித்திருக்கிறது. வரிசைப்படுத்தும் விதம் வேறான ஒரு நியூடைப்புக்கு அதைக் கோயர்ஸ் செய்தால் உள்ளே இருக்கும் மரம் அர்த்தமில்லாமல் போய்விடும். ஃபேன்டம் டைப் பற்றி எழுதும் பெரும்பாலானவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

நிலைக்கு ஏற்ற சாமான்: ஜிஏடிடி

ஃபேன்டம் டைப்பின் குறை என்னவென்றால் எல்லா நிலைக்கும் உள்ளே ஒரே `விவரம்`தான். ஹோல்டுக்குக் காலாவதி நேரம் வேண்டும், கட்டியதற்கு ரசீது எண் வேண்டும், ரத்துக்குக் காரணம் வேண்டும். மூன்றையும் மேபி போட்டு ஒரே ரெக்கார்டில் திணித்தால் `அச்சடி`க்குள் ரசீது எண்ணைத் தேடும்போது இல்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வி மறுபடி வரும், யாராவது அங்கே `எரர்` என்று எழுதி வைப்பார்கள்.

ஜிஏடிடியில் ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் தான் எந்த டைப்பைத் தருகிறது என்று தானே சொல்லலாம்:

```
டேட்டா டிக்கெட் (நி :: நிலை):
  ஹோல்டு_டி :: விவரம் -> காலாவதி_நேரம் -> டிக்கெட் ஹோல்டு
  கட்டிய_டி :: விவரம் -> ரசீது_எண்    -> டிக்கெட் கட்டியது
  ரத்து_டி  :: விவரம் -> காரணம்      -> டிக்கெட் ரத்தானது
```

இப்போது `அச்சடி`யை எழுதும்போது ஒரே ஒரு கிளை போதும்: `அச்சடி (கட்டிய_டி விவரம் ரசீது) = ...`. மற்ற இரண்டு கன்ஸ்ட்ரக்டரும் அந்த டைப்பில் வரவே முடியாது என்று கம்பைலருக்குத் தெரியும், அதனால் பேட்டர்ன் முழுமையில்லை என்று எச்சரிக்காது, வலுக்கட்டாயமாக எழுதினால் அந்தக் கிளைக்கு வழியே இல்லை என்று சொல்லும். ஜிஏடிடி ஜி.எச்.சி. 6.4 காலத்திலிருந்தே, அதாவது 2005-லிருந்து இருக்கிறது. ஆனால் இந்த முழுமைச் சோதனை ஜிஏடிடியைச் சரியாகப் புரிந்துகொண்டது 8.0 வந்த பிறகுதான், அதற்கு முன் பொய் எச்சரிக்கைகள் நிறைய வரும். ஒக்கேமல் மொழிக்காரர்களுக்கு ஜிஏடிடி 4.00-ல், 2012-ல் கிடைத்தது, இந்தப் பகுதி முழுவதும் அவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

இன்னொரு லாபம்: ஜிஏடிடியில் இப்படி முடிவாகும் பேராமீட்டரின் ரோல் தானாகவே நாமினல். கோயர்ஸ் ஓட்டை இங்கே இல்லை.

சரி, செலவைப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் திணறுகிறார்கள்.

டைப்பை ஊகிக்கும் பழைய ஹிண்ட்லி-மில்னர் முறையில் கையெழுத்து (ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும் என்கிற டைப் அறிவிப்பு) எதுவும் எழுதாமலேயே கம்பைலர் எல்லா டைப்பையும் கண்டுபிடித்துவிடும். ஜிஏடிடியில் ஒவ்வொரு கிளைக்குள்ளும் டைப் பற்றிய புதுத் தகவல் கிடைக்கிறது, கிளைக்கு வெளியே அது செல்லாது, அதனால் விடையின் டைப் என்ன என்று கம்பைலரால் தானே தீர்மானிக்க முடியாத நிலை வந்துவிடும். தொட முடியாத டைப் வேரியபிள் என்கிற மாதிரி ஒரு எரர் வரும், படித்தால் தலைகால் புரியாது. மருந்து எப்போதும் ஒன்றுதான்: அந்த ஃபங்ஷனுக்கு முழு டைப் கையெழுத்து எழுதுங்கள். கேஸ் எக்ஸ்பிரஷன் லாம்டாவுக்குள் இருந்தால் அதை வெளியே எடுத்துப் பெயர் வைத்துக் கையெழுத்துப் போடுங்கள். எரரை ஆராய்ந்துகொண்டு உட்காராதீர்கள், முதலில் கையெழுத்து, பிறகு மீதி.

ஜிஏடிடி எக்ஸ்டென்ஷனைப் போட்டால் கூடவே உள்ளூர் லெட் பொதுமைப்படுத்தலும் பெரும்பாலும் நின்றுவிடும். அதாவது வேர் என்ற கீவேர்டின் கீழே கையெழுத்தில்லாமல் எழுதி இரண்டு வெவ்வேறு டைப்புக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்த குட்டி ஹெல்பர், அது வெளி வேரியபிள் எதையாவது தொடுகிறது என்றால், திடீரென்று கம்பைல் ஆகாது. எக்ஸ்டென்ஷன் போட்டதும் சம்பந்தமே இல்லாத இடத்தில் எரர் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் டிரைவிங். ஈக்வல், ஷோ போன்றவற்றை டைப்போடு ஒட்டி எழுத முடியாது, ஸ்டான்டலோன் டிரைவிங்காகத் தனியே எழுத வேண்டும். ஜெனரிக் டிரைவ் ஆகவே ஆகாது, அதனால் ஜெனரிக்கை நம்பி வரும் ஜேசன் இன்ஸ்டன்ஸ்களும் கிடையாது. இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். இந்த டைப்புக்கு நேராக ஜேசன் படிக்கும் இன்ஸ்டன்ஸ் இருக்கவே கூடாது, ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

எக்ஸ்டென்ஷன் பட்டியல் பற்றி ஒரு வரி: ஜி.எச்.சி. 9.10-ல் வந்த ஜி.எச்.சி.2024 மொழித் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் ஜிஏடிடி, டேட்டாகைண்ட்ஸ், ரோல் அறிவிப்பு எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதற்கு முந்தைய ஜி.எச்.சி.2021-ல் ரேங்க்-என் உண்டு, இந்த மூன்றும் தனியே போட வேண்டும்.

டேட்டாபேஸிலிருந்து வரும் டிக்கெட்டுக்கு என்ன டைப்?

கேள்வியே இதுதான். இது வரை எழுதியதெல்லாம் நிலை முன்பே தெரிந்த டிக்கெட்டுகள். டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியை எடுக்கிறீர்கள், நிலை என்ற நெடுவரிசையில் ஏதோ ஒரு டெக்ஸ்ட் இருக்கிறது. கம்பைல் நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? `டிக்கெட்டை_எடு :: டிக்கெட்_எண் -> ஐஓ (டிக்கெட் ???)` என்று எழுத ஆரம்பித்து, கேள்விக்குறி இடத்தில் ஒரு டைப் வேரியபிளைப் போட்டு, கம்பைலரோடு சண்டை போட்டு, இதெல்லாம் நிஜ வேலைக்கு ஆகாது என்று விட்டுப்போனவர்கள் ஏராளம். வேரியபிளைப் போட்டால் கூப்பிடுகிறவர் எந்த நிலையைக் கேட்டாலும் தருவேன் என்று அர்த்தமாகிவிடுகிறது, அது பொய்.

நமக்கு வேண்டியது நேர் எதிர்: ஏதோ ஒரு நிலை இருக்கிறது, எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அதுதான் எக்ஸிஸ்டென்ஷியல்.

```
டேட்டா ஏதோ_டிக்கெட்:
  ஏதோ :: டிக்கெட் நி -> ஏதோ_டிக்கெட்

வரியைப்_படி :: டேட்டாபேஸ்_வரி -> ஐதர் பிழை ஏதோ_டிக்கெட்
```

`நி` வலது பக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே போனதும் அந்தத் தகவல் மூடப்படுகிறது.

`வரியைப்_படி` என்ற இந்த ஒரே ஃபங்ஷனில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. நிலை நெடுவரிசையில் ஹோல்டு என்று இருந்தால் காலாவதி நேரம் காலியாக இருக்கக் கூடாது; கட்டியது என்று இருந்தால் ரசீது எண் இருந்தே ஆக வேண்டும்; மூன்றும் இல்லாத புதுச் சொல் எதாவது இருந்தால் பிழை. கட்டியது என்று எழுதியிருக்கிறது, ரசீது எண் மட்டும் காலி என்கிற மாதிரி வரி எந்தப் பழைய டேட்டாபேஸிலும் ஒன்றிரண்டு இருக்கும், யாரோ கையால் அப்டேட் செய்திருப்பார்கள். அந்த வரி இங்கேயே, வாசலிலேயே, காரணத்தோடு மாட்டிக்கொள்கிறது. அச்சடிக்கும் கோடின் நடுவில் நள்ளிரவில் வெடிப்பதில்லை. ஜேசனாக வருவதற்கும் இதே வழிதான்: இன்ஸ்டன்ஸை `ஏதோ_டிக்கெட்`டுக்கு எழுதுங்கள், `டிக்கெட் நி`க்கு எழுதாதீர்கள்.

பிறகு பயன்படுத்தும் இடத்தில்:

```
கேஸ் வந்தது:
  ஏதோ டி@(கட்டிய_டி _ _) -> அச்சடித்து_அனுப்பு (அச்சடி டி)
  ஏதோ (ஹோல்டு_டி _ கெடு) -> பணம்_கட்டச்_சொல் கெடு
  ஏதோ (ரத்து_டி _ ஏன்)    -> ரத்து_என்று_சொல் ஏன்
```

முதல் கிளைக்குள் நுழைந்ததும் `டி`யின் டைப் `டிக்கெட் கட்டியது` என்று கம்பைலருக்குத் தெரிந்துவிட்டது. ரன்டைமில் செய்த ஒரு சோதனை கம்பைல் நேரத் தகவலாக மாறுகிற இடம் இதுதான். என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் உருப்படியான பகுதி இது ஒன்றே, மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

இதை லெட்டில் எழுதாதீர்கள். எக்ஸிஸ்டென்ஷியலை லெட்டிலோ வேரிலோ பிரிக்க முடியாது, கேஸ் அல்லது டூ எழுத்துமுறைதான். முன்பெல்லாம் ஜி.எச்.சி. இந்த இடத்தில் என் மூளை வெடித்துவிட்டது என்றே எரர் காட்டும், கிண்டலுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் செய்தி எழுதியிருந்தார்கள்.

ஃபேன்டம் முறையிலேயே நின்றுவிட்டவர்களுக்குக் கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்து நிலை தெரியாது, ஒரே கன்ஸ்ட்ரக்டர்தானே. அவர்கள் நிலைக்கு ஒரு சிங்கிள்டன் (ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு மதிப்பு உள்ள டைப்) எழுதிக் கூடவே வைக்க வேண்டும்: `எஸ்_ஹோல்டு :: எஸ்_நிலை ஹோல்டு` என்று நிலைக்கு ஒன்றாக மூன்று கன்ஸ்ட்ரக்டர். மூன்று நிலைக்குக் கையாலேயே எழுதிவிடலாம். இதற்கென்று சிங்கிள்டன்ஸ் என்ற லைப்ரரி இருக்கிறது, கோடை உருவாக்கும் வசதியான டெம்ப்ளேட் ஹாஸ்கெல் வைத்துத் தானே எழுதிக் கொடுக்கும், ஆனால் மூன்று வரிக்காக அதை இழுத்துக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு சின்ன விஷயம். `ஏதோ_டிக்கெட்` லிஸ்டிலிருந்து பணம் கட்டியதை மட்டும் பிரிக்க ஃபில்டர் போடுவார்கள். ஃபில்டர் பூலியனைக் கேட்கும், வெளியே வருவது மறுபடி `ஏதோ_டிக்கெட்` லிஸ்ட்தான், தகவல் போச்சு. மேப்மேபி போடுங்கள், ஒவ்வொன்றையும் பார்த்து `மேபி (டிக்கெட் கட்டியது)` தரும் ஃபங்ஷனோடு. வெளியே வருவது `டிக்கெட் கட்டியது` லிஸ்ட்.

பழைய டிக்கெட் இன்னும் கையில் இருக்கிறதே

இவ்வளவு செய்த பிறகும் இது கம்பைல் ஆகும்:

```
அ = பணம்_கட்டு டி ரசீது1
ஆ = பணம்_கட்டு டி ரசீது2
```

ஹாஸ்கெலில் எந்த மதிப்பும் மாறுவதில்லை. `டி` இன்னும் ஹோல்டு டிக்கெட்டாகவே இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ரஸ்ட் மொழியில் இதே அமைப்பைச் செய்தால் `டி`யை ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் அது கைமாறிவிடும், இரண்டாவது வரி கம்பைல் ஆகாது. நிலையை டைப்பில் வைக்கும் பழக்கம் ரஸ்ட்காரர்களிடம் நன்றாகப் பரவியிருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஹாஸ்கெலிலும் ஜி.எச்.சி. 9.0 முதல், 2021-லிருந்து, லீனியர் டைப் உண்டு. `அ %1 -> ஆ` என்று எழுதினால் அந்த ஆர்குமென்ட்டைச் சரியாக ஒரு தடவை பயன்படுத்தியாக வேண்டும். இட்ரிஸ் 2 மொழியில் இது அடித்தளத்திலேயே இருக்கிறது. ஹாஸ்கெலில் இதைப் பஃபர், ஃபைல் ஹேண்டில் மாதிரி ஓரிடத்தில் திறந்து ஓரிடத்தில் மூடும் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு கோடு முழுக்க லீனியர் ஆக்கப் போனால், நீங்கள் கூப்பிடும் சாதாரண லைப்ரரி ஃபங்ஷன் எதுவும் லீனியர் இல்லை என்பதால் ஒவ்வொரு வரியிலும் முட்டிக்கொள்வீர்கள்.

லீனியர் போட்டாலும் ஒன்று மிச்சம். `டிக்கெட் ஹோல்டு` என்பது நீங்கள் படித்த நேரத்தில் அது ஹோல்டில் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. இந்த நொடியில் வேறொரு சர்வர் அதை ரத்து செய்திருக்கலாம். ஆகவே டேட்டாபேஸில் எழுதும்போது நிலை இன்னும் ஹோல்டாக இருந்தால் மட்டும் மாற்று என்ற நிபந்தனையோடு அப்டேட் செய்து, எத்தனை வரி மாறியது என்று பார்த்து, பூஜ்யம் என்றால் பிழை என்று திருப்பத்தான் வேண்டும். டைப் இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டால் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்காருவார்கள்.

பூட்டு வெளியே போகக் கூடாது

ஒரு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கையைப் பூட்டுகிறீர்கள். அந்தப் பூட்டு ட்ரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகு செல்லாது. அதை வெளியே எடுத்துப்போய்ப் பயன்படுத்த முடியாமல் செய்வது எப்படி? இதற்கான விடை 1994-லேயே வந்துவிட்டது, ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்டன் ஜோன்ஸும், மாறும் மதிப்புகளை உள்ளேயே அடைத்து வைக்கும் எஸ்.டி. மோனாடுக்காகச் செய்தது.

```
ட்ரான்ஸாக்‌ஷனில் :: (எல்லா ச-வுக்கும். ட்ரான்ஸ் ச அ) -> ஐஓ அ

பூட்டு :: இருக்கை_எண் -> ட்ரான்ஸ் ச (பூட்டு ச)
பிடி   :: பூட்டு ச -> பயணி -> ட்ரான்ஸ் ச (டிக்கெட் ஹோல்டு)
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எல்லா ச-வுக்கும் என்பதுதான் சூட்சுமம். `ச` என்ன என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல, `ட்ரான்ஸாக்‌ஷனில்`. `பூட்டு ச`வை விடையாக வெளியே தர முயன்றால் `அ`வின் இடத்தில் `பூட்டு ச` வர வேண்டும், ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே `ச` என்று ஒன்று இல்லவே இல்லை, டைப் வேரியபிள் தப்பித்து ஓடுகிறது என்று எரர். கெட்டிக்காரத்தனமாக ஒரு எக்ஸிஸ்டென்ஷியலில் சுருட்டி வெளியே கொண்டுவரலாம்தான், ஆனால் அதன் `ச`வும் அடுத்த ட்ரான்ஸாக்‌ஷனின் `ச`வும் ஒன்று என்று கம்பைலரை நம்பவைக்க வழியில்லை, `பிடி`க்குக் கொடுக்க முடியாது. சாவியைத் திருடிக்கொண்டு போகலாம், எந்தக் கதவுக்கும் சேராது.

இப்படி எல்லா ச-வுக்கும் என்பது ஆர்குமென்ட்டுக்குள்ளேயே வரும் டைப்புகள்தான் ரேங்க்-என், இவற்றைக் கம்பைலர் தானே ஊகிக்காது. இது சோம்பேறித்தனம் இல்லை: சிஸ்டம் எஃப் என்ற டைப் முறை முழுமைக்கும் டைப் ஊகிப்பது தீர்மானிக்க முடியாத பிரச்சினை என்று ஜோ வெல்ஸ் 1994-ல் நிரூபித்துவிட்டார். ஆகவே இங்கேயும் கையெழுத்து உங்கள் பொறுப்பு. `ட்ரான்ஸாக்‌ஷனில் . எஃப்` என்று புள்ளி வைத்து இணைத்தால் ஓடாது, ஆர்குமென்ட்டை வெளிப்படையாக எழுதுங்கள். ஜி.எச்.சி. 9.0-ல் இந்த விதி இன்னும் இறுகியது, பழைய கோட் மேம்படுத்தும்போது `எஃப்` என்று இருந்த இடத்தில் `\எக்ஸ் -> எஃப் எக்ஸ்` என்று விரித்து எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீளம் எண்ணும் லிஸ்ட்

டைப்பில் நீளத்தை வைக்கும் வெக்டர்தான் எல்லா அறிமுகத்திலும் முதலில் வரும். நான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன், ஏனென்றால் சாதாரண வேலையில் அது தேவைப்படுவது அபூர்வம். இரண்டு லிஸ்டைச் சேர்க்கும்போது `ம + ந`வும் `ந + ம`வும் ஒன்று என்று ஜி.எச்.சி.க்குத் தானாகத் தெரியாது, அதற்கென்று தனி பிளகின் போட வேண்டியிருக்கும். ஹார்டுவேர் வடிவமைக்கும் கிளாஷ் மாதிரி இடங்களில், பிட் அகலம் எல்லாம் முன்பே நிச்சயமாக இருப்பதால், இது உண்மையில் பலன் தருகிறது. உங்களுக்கு வேண்டியது லிஸ்ட் காலியாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என்றால் பேஸ் லைப்ரரியில் நான்எம்ப்டி ஏற்கெனவே இருக்கிறது.

எரரைப் படிக்கிற ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்

உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் ஹோல்டு டிக்கெட்டை ஜேசனாக அனுப்பப் பார்க்கிறார், அதற்கு இன்ஸ்டன்ஸ் இல்லை என்று கம்பைலர் சொல்கிறது. அவர் என்ன செய்வார்? இன்ஸ்டன்ஸ் ஒன்றை எழுதிவிடுவார். ஜி.எச்.சி. 8.0-லிருந்து டைப்எரர் என்று ஒன்று உண்டு, எழுதக் கூடாத இன்ஸ்டன்ஸுக்கு நீங்களே செய்தி வைக்கலாம். "ஹோல்டு டிக்கெட்டை வெளியே அனுப்பாதீர்கள், பணம் கட்டிய பிறகு அனுப்புங்கள்" என்று தமிழிலேயே வைத்தாலும் அது சரம்தானே, வேலை செய்யும்.

எச்சரிக்கைகளில், முழுமையில்லாத பேட்டர்ன் எச்சரிக்கையை எரராகவே மாற்றிவிடுங்கள். நாளைக்கு நிலையில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கும்போது எந்தெந்தக் கேஸை மாற்ற வேண்டும் என்று கம்பைலர் வரிசையாகக் காட்டிக்கொடுக்கும்.

கம்பைல் ஆகக் கூடாதது ஆகவில்லை என்பதையும் டெஸ்ட்டாக எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ரோல் வரியை அழித்தாலும் எல்லா டெஸ்ட்டும் பச்சையாகவே இருக்கும். டைப் எரரை ரன்டைமுக்குத் தள்ளிப்போடும் ஃப்ளாக் ஒன்று ஜி.எச்.சி.யில் இருக்கிறது. அதை வைத்து ஷுட்-நாட்-டைப்செக் என்ற குட்டி லைப்ரரி, கொடுத்த எக்ஸ்பிரஷன் டைப் எரரோடு விழுகிறதா என்று பார்த்துச் சொல்லும். ஹாஸ்கெல் சோம்பல் மொழி என்பதால் மதிப்பை அடிவரை தோண்டிப் பார்த்தால்தான் தள்ளிப்போட்ட எரர் வெளியே வரும், அதற்காக அது, அப்படித் தோண்ட உதவும் டைப் கிளாஸான என்எஃப்டேட்டாவின் இன்ஸ்டன்ஸைக் கேட்கும். சோதிக்கும் ஃபங்ஷன் தன் ஆர்குமென்ட்டைத் தொடவே இல்லையென்றால் எரர் வராமலே போகவும் கூடும், அதனால் டிக்கெட்டின் உள்ளே இருக்கும் ரசீது எண்ணை உண்மையிலேயே பயன்படுத்தும் `அச்சடி` மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஃப்ளாக்கை அந்த ஒரு டெஸ்ட் கோப்பின் தலையில் மட்டும் போடுங்கள், புராஜெக்ட் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள்.